வன்னியில் ஒரு நாள், நண்பர்களோடு பழைய காலத்துக்குள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடந்த மாசி மாதம் பள்ளிக்கூட நண்பர்கள் ஆறு பேர் இலங்கையின் வடக்கே வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கத்தில் என் பெரியப்பாவின் வளவில், வாழும் அருங்காட்சியகம் ஒன்றைப் பார்ப்பதுபோல ஒரு முழு நாளைக் கழித்தோம். காலையில் குளம், பிறகு வயல், மத்தியானம் குரக்கன் பிட்டு, பொழுதுபட முள்ளியவளையில் கூத்துப் பாட்டு. அதற்குப் பிறகு சொந்தக்காரர், கூட வேலை செய்பவர்கள், வெளிநாட்டில் இருக்கும் மற்ற நண்பர்கள் என்று பலரும் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றையும் என் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

வாழும் அருங்காட்சியகம் என்றால் என்ன?

கண்ணாடிப் பெட்டிக்குள் பொருளை வைத்து, கீழே ஒரு அட்டையில் பெயர் எழுதி வைப்பது நமக்குத் தெரிந்த அருங்காட்சியகம். வாழும் அருங்காட்சியகத்தில் அந்தப் பொருள் ஒருவரின் கையில் இருக்கும். கொல்லன் இரும்பு அடிப்பார், ஒரு அம்மா ரொட்டி சுடுவார், நீங்கள் பக்கத்தில் நின்று கேள்வி கேட்கலாம். இந்த எண்ணத்துக்கு முன்னோடி சுவீடனின் தலைநகர் ஸ்டொக்கோமில் 1891 இல் ஆர்தர் ஹசேலியஸ் தொடங்கிய ஸ்கான்சென். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பழைய வீடுகளைக் கழற்றிக்கொண்டு வந்து அங்கே திரும்பக் கட்டினார். நமக்குக் கிட்டிய உதாரணம் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996 இல் திறந்த தக்ஷிணசித்ரா. தென்னிந்தியாவின் நான்கு பக்கத்து வீடுகளும் கைத்தொழில்களும் அங்கே உண்டு.

எங்களுக்கு இந்த யோசனை வந்தது ரொறன்ரோவில் இருக்கும் நண்பனால். அங்கே பிளாக் கிரீக் என்ற பழைய கிராமத்துக்குத் தன் மகளைக் கூட்டிப் போயிருக்கிறான். 19 ஆம் நூற்றாண்டு உடுப்போடு ஆட்கள் நின்று அந்தக் காலத்து வேலைகளைச் செய்து காட்டுவார்களாம். மகள் திரும்பி வரும்போது, "அப்பா, உங்கட ஊரில் அந்தக் காலத்தில் என்ன செய்தவை?" என்று கேட்டிருக்கிறாள். அவனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று இரவே எனக்குத் தொலைபேசி எடுத்தான். பயணத்துக்கு மகளையும் கூட்டிக்கொண்டு வந்தான்.

வன்னியில் அப்படி ஒரு இடம் இருக்கிறதா?

மதிலும் நுழைவுச் சீட்டும் வைத்து அந்தப் பெயரில் நடக்கும் இடத்துக்கு நாங்கள் போகவில்லை. வவுனியா நகரில் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது. சிலைகளையும் பழம்பொருட்களையும் பார்க்க அது நல்ல இடம். ஆனால் நாங்கள் தேடியது வேறு.

இதை நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். ஸ்கான்சென்னுக்கு வீடுகளைக் கழற்றிக் கொண்டுபோக முடிந்தது, ஏனென்றால் வீடுகள் இருந்தன. வன்னியில் நம்முடைய வீடுகளும் பெட்டகங்களும் நெல் சேமிக்கும் கொம்பறைகளும் ஏர்களும் வண்டிகளும் 2008, 2009 போர்க்கால இடப்பெயர்வோடு போய்விட்டன. பெரியப்பா வீட்டில் 2009 க்கு முந்தியது என்று காட்ட ஒரு மண்பானை கூட இல்லை. ஆனால் பெரியம்மா முள்ளிவாய்க்கால் வரை போய், செட்டிகுளம் முகாமில் இருந்து, வெறும் கையோடு திரும்பி வந்த பிறகு முதலில் செய்த வேலை பனையோலை வார்ந்து ஒரு நீத்துப்பெட்டி இழைத்தது. பிட்டு அவிக்க வேண்டுமே. ஓலை வாரும் சத்தகத்தைப் பக்கத்து வளவில் கடன் வாங்கினாராம். பெட்டி போய்விட்டாலும் அதை இழைக்கத் தெரிந்த கை வந்து சேர்ந்தது. வன்னிக்கு வாழும் அருங்காட்சியகம்தான் பொருந்தும் என்று நான் சொல்வது இதனால்தான். நம்மிடம் மிஞ்சியிருப்பது பொருள் அல்ல, செய்யத் தெரிந்த ஆட்கள். அவர்களுக்கும் வயதாகிறது.

ஏன் ஒட்டுசுட்டானைத் தெரிந்தெடுத்தீர்கள்?

சொந்த வளவு இருப்பது முதல் காரணம். தெரியாத ஒருவரின் முற்றத்தில் போய் ஆறு பேர் நின்று "செய்து காட்டுங்கோ" என்று கேட்பது சரியில்லை. உங்கள் கூட்டத்தில் யாருக்கு எந்த ஊரில் பெரியவர்கள் இருக்கிறார்களோ அங்கே போங்கள். செட்டிகுளம், நெடுங்கேணி, பூநகரி, மாந்தை, எதுவும் சரிதான்.

இன்னொரு காரணம், ஊர்ப் பெயரிலேயே கமம் இருக்கிறது. குரக்கன் வெட்டிய பிறகு நிலத்தில் நிற்கும் அடித்தாளுக்கு ஒட்டு என்று பெயர். அந்த ஒட்டைச் சுட்டபோது சிவலிங்கம் வெளிப்பட்டதாகத்தான் தான்தோன்றீஸ்வரர் கோயிலின் கதை சொல்கிறது.

எப்படிப் போவது?

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் வடக்கே ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் தாண்டி மாங்குளம். அங்கே கிழக்கே முல்லைத்தீவு வீதியில் திரும்பினால் ஒட்டுசுட்டான். வடக்கிலிருந்து வருபவர்கள் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு மாங்குளத்துக்கு இறங்கலாம். கொழும்பிலிருந்து வந்த நண்பன் ரயிலில் வவுனியாவுக்கு வந்து சேர்ந்தான்.

வழியில் ஒரு விளையாட்டு விளையாடினோம், நீங்களும் செய்து பாருங்கள். பெயர்ப் பலகைகளில் தண்ணீரை எண்ணுங்கள். குளம், கேணி, மடு, மோட்டை, பொக்கணை எல்லாம் தண்ணீர் நிற்கும் இடங்கள். தண்ணிமுறிப்பு என்ற பெயரில் உள்ள முறிப்பு, குளக்கட்டு உடைந்ததைச் சொல்வது. நண்பனின் மகள் மாங்குளம் வருவதற்குள் பதினொன்று எண்ணிவிட்டாள். வன்னியில் முதலில் குளம் கட்டினார்கள், அதற்குப் பிறகுதான் ஊர் வந்தது என்பது அவளுக்கு யாரும் சொல்லாமலே விளங்கிவிட்டது.

குளத்தில் என்ன பார்க்க இருக்கிறது? தண்ணீர்தானே?

இதைக் கேட்டவர்கள் பலர். ஆறு பேரில் நான்கு பேர் போகும்போது இப்படித்தான் நினைத்தார்கள். கடைசியில் எல்லோரும் அதிக நேரம் நின்றது முத்தையன்கட்டுக் குளக்கட்டில்.

பெரியப்பா எங்களைக் காலை ஆறு மணிக்கே கட்டில் ஏற்றிவிட்டார். கட்டு, அலைகரை, துருசு, வான் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அலைகரை என்பது தண்ணீர் வந்து மோதும் உள்பக்கம். மண் கரையாமல் கல் பதித்திருப்பார்கள். துருசு வயலுக்குத் தண்ணீர் விடும் வாசல். மாரியில் குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கட்டை உடைக்காமல் வழிந்து போவதற்கு வான். வன்னியில் "குளம் வான் பாயுது" என்று யாராவது சொன்னால் அந்த ஆண்டு கோடையில் விதைக்கும் சிறுபோகத்துக்கும் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒரு வசனத்துக்காக ஊர் முழுக்கக் காத்திருக்கும்.

மழை நமக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் கொட்டுகிறது. பெரும்போகம் அந்த மழையில் விளைந்து தை, மாசியில் அரிவு வெட்டுக்கு வரும். சிறுபோகத்துக்குக் குளத்தில் நிற்கும் தண்ணீர்தான் கதி. அதனால் ஒவ்வொரு ஆண்டும் சிறுபோகத்துக்கு முன் கமக்காரர் கூட்டம் கூடி, குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, அது எத்தனை ஏக்கருக்குப் போதும் என்று பேசி முடிவெடுப்பார்கள். தண்ணீர் குறைந்த ஆண்டில் எல்லோர் காணியிலும் விதைக்க முடியாது. குறைந்த ஏக்கரை எல்லோருக்குமாகப் பங்கு பிரிப்பார்கள். கூட்டத்தில் சத்தம் போடுவார்கள், கோபித்துக்கொண்டு எழும்பிப் போவார்கள், திரும்பி வந்து இருப்பார்கள். பெரியப்பா இதைச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டு, எவர் எந்த ஆண்டு என்ன சொன்னார் என்று அப்படியே சொன்னார். எந்த அருங்காட்சியகத்திலும் இதை வைக்க முடியாது.

சின்னக் குளங்களின் ஒழுங்கும் அழகானது. மேல் குளத்தின் வயலில் பாய்ந்து வடிந்த தண்ணீர் கீழ்க் குளத்துக்குப் போகும், அங்கிருந்து அடுத்த வயலுக்கு, பிறகு அடுத்த குளத்துக்கு. கட்டில் நின்று பார்த்தால் ஒரு குளம்தான் தெரியும். நடந்து போனால் முழுச் சங்கிலியும் விளங்கும். நேரம் இருந்தால் நடவுங்கள். குளக்கட்டில் ஐயனாரோ பிள்ளையாரோ இருப்பார், கும்பிட்டுவிட்டு நடக்கலாம்.

எல்லாக் குளமும் மன்னர் காலத்தது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இரணைமடுவின் வேலை பிரித்தானியர் காலத்தில் 1902 இல் தொடங்கியது. வவுனிக்குளம் மிகப் பழையது. பாழாகிக் கிடந்து கடந்த நூற்றாண்டில் திருத்தப்பட்டது.

வயலில் நீங்களே வேலை செய்தீர்களா?

செய்தோம். இப்போது எல்லா வயலிலும் இயந்திரம்தான் வெட்டுகிறது, ஒரு ஏக்கரைச் சொற்ப நேரத்தில் முடித்துவிடும். பெரியப்பா எங்களுக்காக வரம்பு ஓரத்தில் ஒரு மூலையை மட்டும் வெட்டாமல் விட்டு வைத்திருந்தார்.

அம்மம்மாவுக்கு வயது எண்பது தாண்டிவிட்டது. கதிரைப் பிடிக்கும் கை, அரிவாள் வரும் திசை, வெட்டியதை உப்பட்டியாக, அதாவது சிறு சிறு குவியலாக, வைக்கும் ஒழுங்கு எல்லாம் அவர்தான் காட்டினார். கொழும்பு நண்பன் கதிரைப் பிடுங்கி எடுப்பதைப் பார்த்து, "தம்பி, கதிரை இழுக்காதை, அரிவாளை இழு" என்றார். ஒரு வசனம்தான். அதற்குப் பிறகு அவன் கை தானாகத் திருந்தியது.

முந்தி உப்பட்டிகளைக் கட்டிக் களத்துக்குக் கொண்டுவந்து சூடு, அதாவது பெரிய குவியல், வைப்பார்கள். பிறகு மாடு விட்டு, பின்னாளில் உழவு இயந்திரம் விட்டு, சூடு மிதிப்பார்கள். எங்களிடம் மாடு இல்லை, இருந்ததும் சின்னக் குவியல். அதனால் காலாலேயே உழக்கினோம். காற்று எழும்பும் வரை பெரியப்பா எங்களை மர நிழலில் இருக்கச் சொன்னார். காற்று வந்ததும் சுளகைத் தூக்கி, "பொலி, பொலி" என்று சொல்லித் தூற்றினார். களத்தில் நெல்லை நெல் என்று சொல்வதில்லை, பொலி. அளக்கும்போதும் முதல் மரக்காலை ஒன்று என்று எண்ண மாட்டார்கள். லாபம் என்று தொடங்கி அடுத்ததை இரண்டு என்பார்கள். குறை சொல் எதுவும் களத்தில் வாயில் வரக்கூடாது. நண்பனின் மகள் "முடிஞ்சுதா?" என்று கேட்கப் போக, அம்மம்மா சிரித்துக்கொண்டே அவள் வாயில் விரலை வைத்தார். அன்று முழுக்க அந்தப் பிள்ளை எதற்கும் "பொலி" என்றே பதில் சொன்னாள்.

பண்டார வன்னியன் காலம் பற்றி ஏதாவது பார்க்கலாமா?

பார்க்கலாம். ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் நினைவுக் கல் இருக்கிறது. 1803 ஓகஸ்ட் 25 இல் வன்னியின் சிற்றரசன் பண்டார வன்னியன் முல்லைத்தீவில் இருந்த பிரித்தானியரின் கோட்டையைத் தாக்கிப் பிடித்தான். அதே ஆண்டு ஒக்ரோபர் 31 இல் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிரிபேர்க்கின் படையிடம் தோற்றான். அந்தத் தோல்வியைச் சொல்லும் கல்லை நட்டது வென்றவர்கள். ஆனால் அதற்கு மாலை போடுகிறவர்கள் நாங்கள். இதைப் பெரியப்பா சொன்னபோது யாரும் பேசவில்லை. வன்னியை அடங்காப்பற்று, யாருக்கும் அடங்காத நிலம், என்று சொல்வதன் அர்த்தத்தையும் அங்கேயே நின்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஒல்லாந்தர் காலத்தில் வன்னியர்கள் என்ற சிற்றரசர்களிடம் யானைகளைத் திறையாகக் கேட்டார்கள், அது பல தடவை ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை.

இருந்தாலும் என் எண்ணம், நாளின் பெரும்பகுதியை அரசர் காலத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்பது. அதைப் படித்து அறியலாம். அம்மம்மா பிள்ளையாக இருந்த காலத்தை அவர் இருக்கும்போதுதான் கேட்க முடியும்.

போரைப் பற்றிப் பேசுவீர்களா?

நாங்களாகத் தொடங்கவில்லை. அம்மம்மாவே தொடங்கினார், அடுப்படியில், கஞ்சி காய்ச்சும்போது. நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம், இடையில் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அது சரியான முறை என்று நினைக்கிறேன்.

மே 18 ஐ ஒட்டிய நாட்களில் வடக்கு கிழக்கில் வீதியோரங்களிலும் கோயில் வாசல்களிலும் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறார்கள். கடைசி நாட்களில் சனங்களின் உயிரைப் பிடித்து வைத்திருந்தது அரிசியும் உப்பும் தண்ணீரும் சேர்ந்த அந்தக் கஞ்சிதான். யாராவது சிரட்டையில் தந்தால் வாங்கிக் குடியுங்கள். அதைப் படம் எடுக்கத்தான் வேண்டும் என்றில்லை. முள்ளிவாய்க்காலுக்குப் போக விரும்பினால் தனியாக ஒரு நாள் ஒதுக்கிப் போங்கள். வயலும் சிரிப்புமான ஒரு நாளின் நடுவே அதை ஒரு நிறுத்தமாக வைக்க எனக்கு மனம் வரவில்லை.

என்ன சாப்பிட்டீர்கள்?

காலையில் பழஞ்சோற்றுத் தண்ணீர், வெங்காயம், பச்சை மிளகாய். மத்தியானம் குரக்கன் பிட்டு, விரால் மீன் குழம்பு, எருமைத் தயிர். பிட்டை நீத்துப்பெட்டியில்தான் அவித்தோம். ஓலை வாசம் மாவில் ஏறுவதைச் சாப்பிட்டால்தான் தெரியும். குளத்தில் அதிகம் படுவது திலாப்பியாதான். அது 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மீன், அம்மம்மா அதை இன்றும் வந்த மீன் என்றுதான் சொல்வார்.

பாலைப்பழம் வேண்டுமென்றால் மாசியில் வந்து பயனில்லை, கோடையில் வாருங்கள்.

கூத்துப் பார்க்க என்ன செய்ய வேண்டும்?

முழுக் கூத்து ஒரு இரவு. ஒரு நாள் பயணத்தில் அது அடங்காது. நாங்கள் முள்ளியவளையில் கூத்துப் பழக்கும் ஒரு அண்ணாவியாரை முன்கூட்டியே போய்ச் சந்தித்து, கோவலன் கூத்திலிருந்து சில பாட்டுகளை மட்டும் பாடிக் காட்ட முடியுமா என்று கேட்டோம். மத்தளத்துக்கு ஒருவர், தாளத்துக்கு ஒருவர், அவர். அவ்வளவுதான். உடுப்போ மேடையோ இல்லை. வீட்டு முற்றத்தில் பாய் போட்டு இருந்தோம்.

தொடங்கும் முன் எல்லோரும் செருப்பைக் கழற்றி வரச் சொன்னார். வற்றாப்பளை அம்மனின் கதை அல்லவா. மதுரையை எரித்த கண்ணகி கோபத்தோடு ஈழத்துக்கு வந்து பல இடங்களில் தங்கி, பத்தாவதாகத் தங்கிய இடம் பத்தாம்பளை, அது வற்றாப்பளையாயிற்று என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. அந்தப் பாட்டு அவருக்குக் கலை நிகழ்ச்சி அல்ல. நண்பர்கள் இருவர் ஆரம்பத்தில் மெல்லக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். மத்தளம் எழும்பியதும் நிறுத்திவிட்டார்கள்.

எவ்வளவு செலவு?

ஆளுக்கு 6,000 ரூபாய் போட்டோம், மொத்தம் 36,000. பாதிக்கு மேல் வாகனத்துக்கும் டீசலுக்கும் போனது. அண்ணாவியாருக்கும் கூட வந்த இருவருக்கும் வெற்றிலையில் வைத்து 9,000 கொடுத்தோம். மிச்சம் சாப்பாட்டுக்கு. கூத்துக்காரருக்குக் கொடுப்பதில் பேரம் பேச வேண்டாம். வீட்டுப் பெரியவர்கள் காசு வாங்க மாட்டார்கள். அரிசி, சீனி, தேயிலை, மருந்து என்று கொண்டு போங்கள்.

பாதுகாப்பு எப்படி?

வீதியையும் ஆட்கள் நடக்கும் பாதையையும் விட்டுக் காட்டுக்குள் இறங்கவே வேண்டாம். கண்ணிவெடி அகற்றும் வேலை முடியாத இடங்கள் வன்னியில் இன்னும் உண்டு. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் நின்ற இடத்திலிருந்து வந்த வழியே திரும்புங்கள். பழைய இரும்பு எதையும் காலால் தட்டவும் கூடாது. பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே சொல்லிக் கூட்டிவர வேண்டும்.

குளத்தில் முதலை இருக்கும், நீருக்குள் அடிமரங்களும் இருக்கும். ஊர்க்காரர் குளிக்கும் துறையில் மட்டும், அவர்கள் சொன்ன ஆழம் வரைக்கும் இறங்குங்கள். பொழுதுபட்டால் யானை. எங்கள் சாரதி ஆறரைக்கு மேல் காட்டு வீதியில் ஓட மாட்டேன் என்று முதலே சொல்லிவிட்டார், அதனால் பெரியப்பாவிடம் நாலு மணிக்கே விடைபெற்று முள்ளியவளைக்குப் போய், அன்றிரவு அங்கேயே தங்கினோம்.

பேசியதைப் பதிவு செய்தீர்களா?

செய்தோம், அனுமதி கேட்டு. கைபேசியே போதும், பேசுபவருக்குப் பக்கத்தில் ஒரு துணியின் மேல் வையுங்கள். வீடியோவை விடக் குரல் பதிவு நல்லது, கமரா இல்லாவிட்டால் பெரியவர்கள் இயல்பாகக் கதைப்பார்கள். அன்று இரவே கேட்டு, தெரியாத சொற்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள். எங்கள் கொப்பியில் நாற்பத்து மூன்று சொற்கள் சேர்ந்தன. அவற்றில் பாதி எங்கள் ஆறு பேருக்குமே புதியவை. இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேகரிக்கும் நூலகம் நிறுவனம் போன்ற இடத்துக்கு ஒரு பிரதி கொடுக்கலாம், அம்மம்மா சம்மதித்தால் எங்கள் எண்ணமும் அதுதான்.

எதை மாற்றிச் செய்திருப்பீர்கள்?

ஆறு பேரும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டோம். காலை பத்து மணிக்கே அம்மம்மா களைத்துப் போனார், ஆனால் வந்த பிள்ளைகளுக்கு முன் படுக்க மனமில்லாமல் இருந்தார். நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். இனி ஒருவர் கேட்க, மற்றவர்கள் வேலையில் நிற்பது என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று, ஆறு பேர் கூட்டமே பெரிது. அதற்கு மேல் போகாதீர்கள்.

அடுத்த பயணம் எப்போது?

வைகாசியில். வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரிப்பதை நண்பனின் மகள் பார்க்க வேண்டுமாம். பள்ளி விடுமுறை பொருந்தினால் வருகிறார்கள். அதற்குப் பிறகு ஐப்பசி மழைக்கு ஒரு தடவை. அம்மம்மா ஒரு போத்தலில் குரக்கன் விதை எடுத்து, வேப்பிலை போட்டு மூடி, அந்தப் பிள்ளையின் பெயரை மேலே எழுதச் சொல்லி அடுப்படித் தட்டில் வைத்திருக்கிறார்.